பிரைமர் படாத தகடு

வேலூர் சிறை
6.8.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி கலையரசன் எழுதுவது. நம் பட்டறை டிங்கர் சுப்பன் அண்ணன் இன்று மனு போட்டு என்னைப் பார்க்க வந்தார். அவர் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் படித்துப் பார்ப்பார்கள் என்கிறார்கள். நீங்களும் பதிலை அவரிடமே கொடுங்கள்.

சோறு பரவாயில்லை. தூக்கம்தான் வரவில்லை. கண்ணை மூடினால் அடி அண்ணாமலைப் பக்கம் கிரிவலப் பாதையில் பூக்கூடையோடு விழுந்த அந்த எல்லம்மாள் வந்து நிற்கிறாள். அன்று வண்டி ஓட்டியது நீங்கள். குடித்திருந்ததும் நீங்கள். பக்கத்துச் சீட்டில் இருந்தது நான். உங்களைக் குத்திக் காட்ட இதை எழுதவில்லை. ஒரு இடத்திலாவது உள்ளதை உள்ளபடி எழுதி வைக்க வேண்டும்போல் இருந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்கடா, நீதான் ஓட்டுனேன்னு சொல்லிடு, சீக்கிரமே எடுத்துடலாம்" என்று அழுதாள். நீங்கள் கதவோரம் தலை குனிந்து நின்றீர்கள். நானும் போலீஸில் அப்படியே சொன்னேன். கோர்ட்டிலும் சொன்னேன். இரண்டு வருடம் என்று தீர்ப்பாகிவிட்டது. அப்பீல் போட ஒரு மாதம்தான் அவகாசம் என்று இங்கே சொல்கிறார்கள். வக்கீலைப் பார்த்தீர்களா?

இன்னொரு விஷயம், என் அம்பாசிடர். அதற்கு மாட்டச் சென்னை புதுப்பேட்டையில் அலைந்து வாங்கி வந்த பானெட்டும் இரண்டு மட்கார்டும் நாலு கதவும் ஷெட்டில் அப்படியே இருக்கின்றன. அந்த வண்டியே இப்போது வருவதில்லை. இந்தத் தகடுகள் போனால் மறுபடி கிடைக்காது. தகட்டின் மேல் கறுப்பாக ஒரு பூச்சு இருக்கிறதே, அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். லாரியில் வரும்போது துரு ஏறாமல் இருக்கத்தான் அது. தின்னர் தொட்ட துணியால் துடைத்தால் கையோடு வந்துவிடும். அதை முழுக்க எடுத்துவிட்டு, உப்புத்தாள் போட்டு, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடித்துவிட வேண்டும். துடைத்த பிறகு வெறும் கை படக்கூடாது. வியர்வை பட்ட இடத்தில் விரல் அடையாளத்தோடு துரு பூக்கும். கதவின் அடி மடிப்பில்தான் தண்ணீர் தங்கும், அங்கே மறக்காமல் அடிக்கச் சொல்லுங்கள். அதுவரை தரையில் சாய்க்காமல் கயிறு கட்டித் தொங்கவிட்டாலே போதும்.

அந்த வண்டியை ஓட்டித்தான் பிழைக்கப் போகிறேன். ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் பழைய அம்பாசிடர் என்றால் தேடி வந்து ஏறுகிறார்கள். சிந்துஜாவிடமும் அதைச் சொல்லித்தான் நிச்சயம் செய்தேன்.

அண்ணிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உங்கள் தம்பி
கலையரசன்


திருவண்ணாமலை
20.8.2023

கலை,

கடிதம் கிடைத்தது. முதலில் ஒன்று. அந்த விஷயத்தை இனிமேல் எழுதாதே. எழுதி என்ன ஆகப்போகிறது? போனவள் திரும்பி வரப்போகிறாளா?

அப்பீல் வேலை நடக்கிறது. வக்கீல் சென்னைக்கும் இங்கேயுமாக அலைகிறார். நச்சரிக்காதே.

எனக்கே பிரைமர் பாடம் நடத்துகிறாய். பட்டறைப் போர்டில் இருப்பது ராஜமாணிக்கம் என்கிற பெயர், கலையரசன் இல்லை. ஸ்ப்ரே கன் பிடித்துப் பெயிண்ட் அடிக்கிறவன் நீ என்பதால் எல்லாம் உனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைப்பு. நீ இல்லாமல் பட்டறை ஒன்றும் இழுத்து மூடிக் கிடக்கவில்லை. உன் தகடுகள் ஷெட்டில் பத்திரமாக இருக்கின்றன. நேரம் கிடைக்கும்போது அடிக்கச் சொல்கிறேன்.

உனக்கென்ன, வேளைக்குச் சோறு வருகிறது. இங்கே ஊர் வாயை அடைப்பது நான். டீக்கடைக்குப் போனால், "உன் தம்பிதானே அந்தப் பூக்காரம்மாவ அடிச்சது?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வருகிறேன். எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தாயா?

ராஜமாணிக்கம்


வேலூர் சிறை
17.9.2023

அண்ணா,

சுப்பன் அண்ணனிடம் தகடுகளைப் பற்றிக் கேட்டேன். "ஷெட்ட பௌர்ணமிக்கு வண்டி நிறுத்த வாடகைக்கு உட்டுட்டாரு தம்பி. தகடெல்லாம் வெளிய செவுத்தோரம் கெடக்குது. என்னால முடிஞ்சது, ஒரு பழைய பிளெக்ஸ் பேனர் போட்டு மூடி வெச்சேன்" என்றார்.

பேனர் போட்டு மூடினால் இன்னும் கெடுதல், அண்ணா. அடியில் ஈரம் வேர்த்து நிற்கும், காற்றுப் போகாது. ஆனால் அவர் மேல் தப்பில்லை. தெரிந்த நல்லதைச் செய்தார்.

துரு இப்போது மேலோட்டமாகத்தான் இருக்கும். ஆசிட் தொட்டு எடுத்துவிடலாம். ஆனால் ஆசிட் போட்டால் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவி, உடனே ஹீட்டர் வைத்துக் காய வைத்து, அதன் பிறகுதான் பிரைமர். உங்களுக்கு நேரம் இல்லை என்றால் சிந்துஜா வந்து நிற்பாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை என்னோடு பட்டறையில் இருந்தவள்தான். சுப்பன் அண்ணன் உதவி செய்வார். நீங்கள் ஷெட் சாவியை மட்டும் கொடுங்கள்.

அப்பீல் என்ன ஆயிற்று? போன தடவையும் கேட்டேன். இரண்டு தடவை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை.

கலையரசன்


திருவண்ணாமலை
8.10.2023

கலை,

உன் சிந்துஜா வந்தாள். கையில் பிரைமர் டப்பா, முகத்தில் துணி கட்டிக்கொண்டு, பட்டறையில் ஆட்கள் எல்லாரும் பார்க்க, "மாமா, ஷெட் சாவி குடுங்க" என்று நிற்கிறாள். கல்யாணம் ஆகவில்லை, அதற்குள் மாமாவாம், சாவியாம்.

அவள் அப்பாவைப் பார்க்கக் கீழ்பென்னாத்தூருக்கே போனேன். மறைத்து வைத்து ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. "அவன் குடிச்சிட்டுதான் ஓட்டுனான், இது மொதல் தடவையும் இல்ல" என்று சொல்லிவிட்டேன். அந்த மனுஷன் நான் கொண்டுபோன பழத்தட்டைக்கூட உள்ளே எடுத்து வைக்கவில்லை. நிச்சயத்தன்று போட்ட மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மா அதை என் பெரியவளுக்கு என்று எடுத்து வைத்திருக்கிறாள்.

கோபப்படாதே. ஊரே நீதான் ஓட்டினாய் என்று சொல்லும்போது நான் மட்டும் வேறு மாதிரி சொல்ல முடியுமா? நீ சொன்னதைத்தான் நானும் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு ஆவணியிலேயே ஒரு வரன் வந்ததாம், உனக்காகத் தள்ளி வைத்திருந்தார்களாம். இப்போது முடித்துவிடுவார்கள்.

பிரைமர் டப்பாவை அவள் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள். நல்ல கம்பெனிச் சரக்கு. வேறொரு வண்டிக்கு அடித்துவிட்டோம்.

ராஜமாணிக்கம்


வேலூர் சிறை
5.11.2023

ராஜமாணிக்கத்துக்கு,

இங்கே இலவச சட்ட உதவிக்கு எழிலரசி என்று ஒரு வக்கீல் அம்மா வருகிறார். என் பெயரைச் சொல்லி அப்பீல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். போன வாரம் வந்து, "உங்க பேர்ல அப்பீலே போடலைங்க. எந்த வக்கீலும் தீர்ப்பு நகல்கூட வாங்கல" என்றார்.

நீ ஒரு வக்கீலையும் பார்க்கவில்லை. என்னை எடுக்க வேண்டும் என்ற எண்ணமே உனக்கு இல்லை. நான் வெளியே வந்தால் உண்மை கூடவே வரும், அதுதானே? நான் சொல்லியிருக்க மாட்டேன். நீ என்னை நம்பியிருந்தால் கடைசி வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.

என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்தவை இரண்டே. ஒன்றை நீ கீழ்பென்னாத்தூரில் போய் முடித்துவிட்டாய். இன்னொன்று சுவரோரம் கிடக்கிறது.

எழிலரசியிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அன்று நீ வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றியதை அம்மா பார்த்தாள். அம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிடுவேன். என்னைப் பெற்றவள், கோர்ட்டில் பொய் சொல்ல மாட்டாள்.

கலையரசன்


திருவண்ணாமலை
30.11.2023

கலை,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நேற்று, அண்ணி பக்கத்தில் இருக்கும்போதே. அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்.

"கோர்ட்டுக்குக் கூப்புட்டா வர்றேன். பெரியவன் அன்னிக்கு வீட்டுலதான் படுத்துனு இருந்தான்னு சாமி மேல சத்தியம் பண்றேன். ஒன்ன நம்பி யாரு இருக்காங்க? பொண்டாட்டியா, புள்ளையா? இருந்துட்டு வாடா. ரெண்டு வருசம்தானே, கண்ண மூடித் தொறந்தா போயிடும்."

கீழே அவள் கையெழுத்து இருக்கிறது பார். ஆதிலட்சுமி என்று கோணலாகப் போட்டிருக்கிறாள். ஆசையிருந்தால் உன் வக்கீல் அம்மாவிடம் காட்டிக்கொள்.

தீபத்துக்குக் கூட்டம் ஜாஸ்தி. ஷெட் முழுக்க ஆந்திரா வண்டிகள். மழை வேறு விடாமல் பெய்தது. உன் தகடுகளின் மேல் கிடந்த பேனரை யாரோ படுக்க எடுத்துப் போய்விட்டார்கள். நானும் பார்த்தேன், செக்கச்செவேல் என்று இருக்கிறது. மலை மேல் தீபம் தெரிந்தபோது அரோகரா சொல்லிவிட்டு உன்னைத்தான் நினைத்தேன். நல்ல புத்தி கொடுக்கச் சொல்லிக் கும்பிட்டேன்.

ராஜமாணிக்கம்


திருவண்ணாமலை
21.1.2024

அன்புத் தம்பி கலைக்கு,

பொங்கலுக்காவது இரண்டு வரி எழுதுவாய் என்று பார்த்தேன். சுப்பன் வெறும் கையோடு வந்தான். "தம்பி ஒண்ணும் பேசலீங்க" என்றான். கோபம் இருக்கத்தான் செய்யும். கூடப் பிறந்தவர்கள் அடித்துக்கொள்ளாமல் வேறு யார் அடித்துக்கொள்வார்கள்?

விஷயத்துக்கு வருகிறேன். வேங்கிக்காலில் ரோடு கான்ட்ராக்டர் ஒருத்தர் இருக்கிறாரே, வெள்ளை வேட்டி, கூடவே நாலு பேர். மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு பழைய அம்பாசிடரில்தான் வர வேண்டும் என்று ஒரு வண்டி வாங்கி நம்மிடம் விட்டிருக்கிறார். தகடெல்லாம் புதிதாகப் போடச் சொல்லி முழுத்தொகையும் கொடுத்துவிட்டார். புதுத்தகடு எங்கே கிடைக்கிறது? உன்னுடையதைத்தான் போட்டேன். அப்புறம் உனக்குச் சேர வேண்டியதைச் சேர்க்கிறேன்.

மேலே இருந்த துருவைத் தாள் போட்டுத் தேய்த்து, பட்டி வைத்து, பெயிண்ட் அடித்தோம். கண்ணாடி மாதிரி இருந்தது. இப்போது மட்கார்டு ஓரத்திலும் கதவு அடியிலும் அரிசி அரிசியாகக் கொப்புளம் கிளம்புகிறது. விரலால் அழுத்தினால் உள்ளே மொறுமொறு என்கிறது. மாசியில் கல்யாணம். வேறு பெயிண்டரைக் கூப்பிட முடியாது. புதுத்தகடு இல்லை என்று பார்த்ததும் தெரிந்துவிடும், போய்க் கான்ட்ராக்டரிடம் சொல்லிவிடுவான். அந்த ஆள் கோபக்காரர், பட்டறையையே கொளுத்திவிடுவார்.

குறைந்த நாளில் சரி செய்ய என்ன வழி? உனக்குத்தான் தெரியும். எழுது. இந்த வேலை நல்லபடியாக முடியட்டும், அடுத்த நாளே சென்னையில் பெரிய வக்கீலாகப் பார்த்து அப்பீல் போடுகிறேன். அம்மா மேல் ஆணை.

உன் அண்ணன்
ராஜமாணிக்கம்


வேலூர் சிறை
28.1.2024

அண்ணா,

சுப்பன் அண்ணன் வெளியே காத்திருக்கிறார். அவசரமாக எழுதுகிறேன்.

பயப்பட வேண்டாம். பெயிண்டை முழுக்கச் சுரண்டி எடுங்கள். நாம் வாங்கும் துரு எடுக்கிற ஆசிட் இருக்கிறதே, அதைத் தண்ணீர் கலக்காமல் பிரஷ்ஷால் நன்றாக ஊறும்படி தடவுங்கள். மட்கார்டுக்கு மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். ஏழு தகடுக்கும் போடுங்கள், துரு எங்கே ஒளிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கழுவ வேண்டாம். கழுவினால் மறுபடி துரு பிடிக்கும். ஆசிட் உள்ளேயே இருந்து துருவைத் தின்றுவிடும். கையால் தொட்டால் பிசுபிசு என்று இருக்கும், அது நல்லதுதான். அதன் மேலேயே பிரைமர், பெயிண்ட் எல்லாம் அடித்துவிடலாம். கல்யாணத்தன்று கண்ணாடி மாதிரி நிற்கும்.

சுப்பன் அண்ணனிடமும் நேரில் சொல்லியிருக்கிறேன். நான் சொன்னது என்றால் அவர் மறுபேச்சு இல்லாமல் செய்வார்.

கலையரசன்


திருவண்ணாமலை
10.3.2024

கலை,

இதைப் பட்டறைப் பையன் ஒருவனிடம் கொடுத்தனுப்புகிறேன். சுப்பன் இனிமேல் வரமாட்டான்.

கல்யாணம் முடிந்தது. கண்ணாடி மாதிரிதான் நின்றது. மாப்பிள்ளை இறங்குகிற வரைக்கும். வண்டி முழுக்கப் பூச்சரம், டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். மண்டப வாசலில் பூக்காரப் பையன்கள் டேப்பைப் பிடித்து இழுத்தார்கள். பூவோடு பெயிண்டும் வந்தது. தோல் உரிகிற மாதிரி, பாய் பாயாக. பானெட்டில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு. சம்பந்தி வீட்டார் சுற்றி நின்று போனில் படம் எடுக்கிறார்கள். ஒரு கிழவன் சத்தமாக, "வண்டியே இப்படின்னா பொண்ணு எப்படியோ" என்றான். கான்ட்ராக்டர் கூட்டத்தில் என்னைத் தேடினார்.

நீ வேண்டுமென்றேதான் எழுதினாய். இரண்டு நாள் கழித்துப் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முன்னே கழுவச் சொன்னவன், பின்னே கழுவாதே என்கிறாய். நீ என்னை ஒழித்துக்கட்டப் பார்த்தாய்.

ஆனால் பார், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் வாங்கி வைத்த புதுத்தகடுகளைச் சுப்பன் திருடி விற்றுவிட்டு, துருப்பிடித்ததை மாட்டிவிட்டான் என்று சொன்னேன். பட்டறையில் ஆசிட் தடவியது அவன்தான் என்று எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். வண்டியோடு வந்திருந்த அவனைக் கான்ட்ராக்டர் ஆட்கள் மண்டபத்துக்குப் பின்னாலேயே வைத்து அடித்தார்கள். வலது கை மணிக்கட்டு போய்விட்டது. அப்புறம் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தேன். வேலூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். உனக்குப் பேச்சுத் துணைக்கு ஆயிற்று.

அவன் பொண்டாட்டி பொன்னி தினமும் பட்டறை வாசலில் வந்து உட்காருகிறாள். அவளிடம் என்ன சொல்லட்டும் என்று நீயே எழுது.

ராஜமாணிக்கம்


வேலூர் சிறை
17.3.2024

ராஜமாணிக்கத்துக்கு,

சுப்பன் அண்ணன் என் பிளாக்கில்தான் இருக்கிறார். கையில் மாவுக்கட்டு. இடது கையால் சாப்பிடப் பழகவில்லை, சோறு பாதி கீழே விழுகிறது. முதல் நாள் என்னைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். "தம்பி, நீ இருக்கங்காட்டி தைரியமா இருக்குது. அந்தத் தகடு ஒன்னோடதுன்னு நீ ஒரு வார்த்த சொன்னா என்ன உட்டுடுவாங்க. நீ சொன்ன மாரிதான் தம்பி செஞ்சேன், ஒரு எடம் உடாம தடவுனேன். எப்படி உரிஞ்சிதுன்னுதான் தெரியல" என்றார்.

உன்னை ஒழிக்கத்தான் எழுதினேன். கான்ட்ராக்டர் அடிப்பார் என்று தெரியும். அடிபடுகிறவன் நீயாக இருப்பாய் என்று நினைத்தேன். உன்னோடு இத்தனை வருடம் இருந்துவிட்டு அப்படி நினைத்தேன் பார்.

எழிலரசியை வரச் சொல்லி எல்லாம் சொல்லிவிட்டேன். தகடுகள் என்னுடையவை, வாங்கியது நான், மழையில் போட்டுத் துரு ஏற்றியது நீ, ஆசிட் வைக்கச் சொன்னது நான். அடி அண்ணாமலையில் வண்டி ஓட்டியது யார் என்பதையும் சொன்னேன். புதுத்தகடு வாங்கியதாகப் புகாரில் எழுதிக் கொடுத்திருக்கிறாயே, எந்தக் கடையில் என்று முதலில் அதைக் கேட்பார்கள் என்றார். அவர் கான்ட்ராக்டரையும் பார்க்கப் போகிறார். போலீஸ் உன்னிடம் வருவதற்குள் கான்ட்ராக்டரின் ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் சொல்லிவிடு. பெரியவனுக்குப் பதிலாக அனுப்ப வீட்டில் இன்னொரு பிள்ளை இல்லை.

சுப்பன் அண்ணனிடம் நேற்று நானே சொன்னேன். ஆசிட்டைக் கழுவாமல் விட்டால் பெயிண்ட் பிடிக்காது, எனக்குத் தெரிந்தேதான் சொன்னேன் என்று. அவர் கத்துவார், அறைவார் என்று உட்கார்ந்திருந்தேன். "கடுதாசிய நான்தானே தம்பி எடுத்துனு போனேன்" என்றார். அவ்வளவுதான்.

இன்று மத்தியானம் அவருக்கு ஊட்டிவிடலாம் என்று என் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். கட்டுப் போட்ட கையால் தன் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து, வேறு வரிசைக்குப் போய்விட்டார்.

கலையரசன்